சாம்பல் அள்ளும் வேலை

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ஜனவரி உபவாச ஜெபத்தில் மூன்று நாளும் அழுது ஜெபித்தேன். ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் வாசித்துவிடுவது என்று தீர்மானமும் எடுத்தேன். ஆதியாகமமும் யாத்திராகமமும் வேகமாகப் போயின, லேவியராகமத்தில் வந்து நின்றுவிட்டேன். இப்போது ஜூன். காலையில் பிள்ளைக்கு டிபன் கட்டி பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. இரவில் முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். ஜெபிக்காவிட்டால் உறுத்துகிறது, ஜெபித்தாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. தேவன்மேல் எனக்கு வாஞ்சையே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. அது இல்லாமல் கடமைக்கு ஜெபிப்பது மாய்மாலம்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரி,

லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை எல்லாம் கூட்டினால் ஒரு பெரிய சபையே நடத்தலாம், நானும் அதில் பழைய அங்கத்தினன். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று என்று போனாலே ஆதியாகமத்தின் ஐம்பதும் யாத்திராகமத்தின் நாற்பதும் ஜனவரியோடு முடிந்துவிடும், அப்புறம் கதை நின்று பலிமுறைமைகள் தொடங்கும். உபவாச ஜெபத்தின் சூடு தணிவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆறாம் அதிகாரத்தில், பலிபீடத்தின் அக்கினி ஒருபோதும் அவிந்துபோகலாகாது என்று வருகிறதே, அந்த வசனத்தை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்தின மூன்று வசனங்களை வைத்து ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. ஆசாரியன் சணல்நூல் அங்கியைப் போட்டுக்கொண்டு முந்தின பலியின் சாம்பலை அள்ளிப் பக்கத்தில் கொட்டுகிறான். பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு அந்தச் சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுத்தமான ஓர் இடத்துக்குச் சுமந்துபோகிறான். காலைதோறும் கட்டைகளை அடுக்குகிறான். வேலை அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவன் உள்ளம் அனலாக இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அப்புறம் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில் கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டு வந்து பலியைப் பட்சிக்கிறது, ஜனங்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுகிறார்கள். உங்கள் ஜனவரி அது. அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். ஆனால் அக்கினி இறங்கிய பிறகும் காலைதோறும் கட்டை போடும் வேலை ஆசாரியனுக்கு மிச்சமிருந்தது, அதைப் பார்த்து ஆர்ப்பரிக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆச்சி விறகடுப்பில் சமைத்தவர். இரவில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுப்பார். விடிந்ததும் முதல் வேலை அந்தச் சாம்பலை வாரி எடுப்பது, அடியில் இரண்டு கங்கு சிவப்பாகக் கண் விழிக்கும், அதில் பனையோலையை வைத்து ஊதாங்குழலால் ஊதுவார். வாராமல் மேலேயே விறகை வைத்தால் வீடெல்லாம் புகைதான். சாம்பல் என்றால் குப்பை என்று நினைக்கிறோம், அது நேற்று நிஜமாகவே எரிந்த நெருப்பின் மிச்சம். ஜனவரியில் அழுததுபோல இன்றைக்கும் அழுகை வரவேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் முழங்கால் போடுகிறீர்களே, அந்த ஜனவரிதான் இப்போது உங்கள் அடுப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

மாய்மாலம் என்றீர்கள். மாய்மாலத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும். வீடே தூங்கின பிறகு, நிற்கவும் முடியாத களைப்பில் முழங்கால் போடுகிறவர் யாருக்காக நடிக்கிறார்?

மான் நீரோடைக்குக் கதறுகிற 42ஆம் சங்கீதத்தையும் ஒருமுறை முழுக்க வாசித்துப் பாருங்கள். அது அனலாக இருந்தவர் பாடியது அல்ல. கூட்டத்தோடு ஆலயத்துக்குப் போன நாட்களை நினைத்து, இப்போது அது இல்லையே என்று உள்ளம் கரைகிறவரின் பாட்டு. உங்கள் கடிதமும் ஏறக்குறைய அதே ராகம்தான். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள், அவ்வளவு நீண்ட வருடங்கள் உள்ளே வறட்சி. அவர் அதிகாலை ஜெபத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வருடத் திட்டத்தை விட்டுவிடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற வாக்குத்தத்த வசனங்களையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இருபது பேர் அனுப்பிய இருபது வசனத்தில் ஒன்றாவது மனதில் தங்குகிறதா? 119ஆம் சங்கீதத்தை எடுங்கள். 176 வசனம் என்று மலைக்க வேண்டாம், எட்டு எட்டாக 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நாளுக்கு ஒரு பகுதி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் வாய்க்குள் முணுமுணுத்து வாசியுங்கள், நின்றுகொண்டு போகிற நாளில் இரண்டு வசனம் போதும். இரவு ஜெபத்தைத் தூக்கம் வருவதற்கு முன்பே, பாத்திரம் கழுவும்போதே முடித்துவிடுங்கள்.

நான்காம் நாள் 25ஆம் வசனம் வரும்: "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது." அதை வாசித்த அன்றைக்கு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.