கனாக் நடனம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பாரிஸில் ஒரு விழாவில், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து வந்த கனாக் பூர்வகுடிக் குழுவின் நடனம் பார்த்தேன். ஆடுவதற்கு முன் தரையில் துணியை வைத்து நீளமாகப் பேசினார்கள், கொஞ்சம் இழுவை. ஆட்டம் அபாரம். ஆனால் முடிந்ததும் அதே ஆட்கள் ஜீன்ஸும் ஹெட்போனுமாக மெட்ரோவில் நின்றார்கள், ஏமாற்றமாகிவிட்டது. முன்னாள் காலனிக்காரர்கள் தங்களை ஆண்டவர்களின் ஊரிலேயே வந்து ஆடிக்காட்டுவது சரியா? நான் கைதட்டியிருக்கலாமா?

ர., பாரிஸ்

அன்புள்ள ர.,

கைதட்டியதில் ஒரு தப்பும் இல்லை, விடுங்கள். 'முன்னாள்' என்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், நியூ கலிடோனியா இன்றும் பிரான்சின் கையில்தான் இருக்கிறது. என்னால் தாங்க முடியாதது உங்கள் ஏமாற்றம். ஜீன்ஸ் போட்டால் என்ன? கொஞ்ச நாளாக 1931-ஐப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கோபமாகத்தான் எழுத வருகிறது.

அந்த வருடம் உங்கள் ஊரில், வான்சென் காட்டில், பெரிய காலனியக் கண்காட்சி. அங்கே வந்து உங்கள் கலையைக் காட்டலாம் என்று ஆசைகாட்டி நூற்றுச் சொச்சம் கனாக்குகளைக் கப்பலேற்றினார்கள். கொண்டுபோய் இறக்கியதோ நகரத்தின் மறுகோடியில், புலோன் காட்டுப் பூங்காவில். வந்தவர்களில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். பெண்கள் ஊரில் உடம்பை மூடிய தொளதொள மிஷன் கவுன் போடுகிறவர்கள். அந்தக் கவுனைக் கழற்ற வைத்தார்கள். திறந்த மார்போடு பெண்கள் நிற்க வேண்டும், ஆண்கள் மரத்தைக் குடைந்து படகு செய்ய வேண்டும், பிலூ என்ற தங்கள் நடனத்தை ஆட வேண்டும், நடுநடுவே உறும வேண்டும். விளம்பரத்தில் 'நரமாமிசம் தின்பவர்கள்'. ஒரு பகுதியினரை ஜெர்மனியின் மிருகக்காட்சி சாலைகளுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்கு முதலைகளை வாங்கினார்கள். 1998-ல் பிரான்சுக்காக உலகக் கோப்பை வென்ற கால்பந்து வீரர் கரம்பேவின் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்தப் பேரன் மைதானத்தில் தேசிய கீதம் பாடாமல் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

எதற்கு அந்தக் கவுனைக் கழற்றினார்கள்? சட்டையும் கவுனுமாக நின்றால் காசு கொடுத்து வந்தவனுக்கு ஏமாற்றம், அதற்காகத்தான். இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். நம் திருவந்திபுரத்திலிருந்து 1838-ல் அதே பாரிஸுக்குப் போய் ஆடிய தேவதாசிகளின் நிறத்தையும் உடம்பையும் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் விழுந்து விழுந்து எழுதினார்கள். நமக்காவது இந்தப் பார்வை எப்படி வலிக்கும் என்று தெரிய வேண்டாமா, தம்பி? மெட்ரோவில் நின்றவர்களுக்கு மறுநாள் வேலை இருந்திருக்கும், வீட்டுக்குப் போனில் பேச வேண்டியிருந்திருக்கும். ஆட்டம் முடிந்தபின்னும் அவர்கள் யாருக்காக ஓலைப் பாவாடையில் நிற்க வேண்டும்?

அப்புறம் அந்த 'இழுவை'. இன்னொருவர் மண்ணில் கால்வைக்கும்போது கனாக்குகள் செய்கிற மரியாதை அது. துணி, கொஞ்சம் பணம், புகையிலை என்று முன்னால் வைத்து, நாங்கள் இன்னார், இந்த இடத்திலிருந்து வருகிறோம், இதற்காக வந்தோம் என்று சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். 1931-ல் உறுமச் சொன்ன இடத்தில் இப்படி நின்று பேச யாருக்கு வாய் இருந்தது? இன்று அதே ஊரில் விருந்தாளியாக நின்று, தன் பெயரைச் சொல்லி, பிறகு ஆடுகிறார்கள். சரியா என்று கேட்டீர்களே, எனக்கு அதைவிடச் சரியானது எதுவும் தோன்றவில்லை. நீங்கள் மணி பார்த்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில்தான்.

அந்தப் பூங்கா இன்னும் இருக்கிறது, இப்போது ராட்டினமும் குழந்தைகளுமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.