எலும்பு கிளை விடாது

அன்புள்ள அண்ணாச்சி,

உவரிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவற்றைப் பற்றிப் படித்ததிலிருந்து, அவற்றின் புதைபடிவ எலும்பு ஒன்றாவது என் கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. போன வாரம் தேரிச் செம்மணல் மேட்டில் மழைத்தண்ணீர் அறுத்த சரிவில் வெள்ளைக் குழல்போல் நாலைந்து துண்டுகள் கிடைத்தன. கடற்கரையில் எடுத்த வட்டமான எலும்பு ஒன்றும் இருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். இவை அந்தக் காலத்தவையா? நம் பக்கத்தில் வேறு எங்கே தேடலாம்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேரியில் எடுத்தவை எலும்பு இல்லை, வேர். சரியாகச் சொன்னால், வேர் இருந்த இடம். மணலுக்குள் இறங்கிய வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகும். வேர் மக்கிப் போன பிறகு குழல் மட்டும் நிற்கும். மூன்றாவது படத்தில் துண்டின் ஒரு முனை இரண்டாகப் பிரிந்து மெலிந்துகொண்டே போகிறது, பாருங்கள். எலும்பு அப்படிக் கிளை விடாது. உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எலும்பில் பஞ்சுபோல் நுண்துளைகள் தெரியும். உங்கள் துண்டில் மணல்தான் தெரிகிறது.

வட்ட எலும்பு வேறு விஷயம். அது சுறாவின் முதுகெலும்பு வட்டாகவோ திமிங்கலத்துடையதாகவோ இருக்கலாம். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். திமிங்கல எலும்பை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதனால் முதலில் வனத்துறையிடம் காட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

நம் பக்கத்தில் தேடலாமா என்றால், கிடைக்காது என்றுதான் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் குளித்திருக்கிறீர்களா? அங்கே ஆற்றுப் பாறையில் கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடும். பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, மடிந்த பாறையின் வரி அது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் அப்படி வெந்ததுதான். இதெல்லாம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே முடிந்த கதை. நீங்கள் தேடும் கடல் ஊர்வன தோன்றியதே சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தேரி மணலோ அந்தக் கணக்கில் நேற்று வந்தது. இரண்டுக்கும் நடுவிலான காலத்தின் கடல்சேறு நம் மண்ணில் தங்கவில்லை.

ஆனால் பஸ் ஏறினால் ஒரு நாளில் போய்விடக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊர். பனையும் புல்லும் இல்லாத களிமண் மேடுகளை மழை வரி வரியாக அறுத்து வைத்திருக்கும். நடந்தால் காலடியில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிபோல் மின்னும். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூர் முனையோடு பெலம்னைட்டுகள் கிடக்கும். கணவாய் மீனின் பழைய உறவு அது. அந்த மேடுகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்தரை. 1879இல் ரிச்சர்டு லிடெக்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அந்த வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். மீன் உருவமெடுத்த ஊர்வன அவை. பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் பெயரைச் சந்தேகத்துக்குரியது என்று ஒதுக்கினார்கள். தனி முதுகெலும்பை வைத்து இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். 2011இல் காரைப் பாறைகளில் கிடைத்த பற்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பற்கள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் நானும் காரையில் ஒன்று எடுத்தேன். பாதி வட்டு. இரண்டு பக்கமும் பணியாரச் சட்டியின் குழிபோல் உள்வாங்கியிருந்தது. நாக்கில் வைத்தால் ஒட்டியது. பழைய எலும்பின் நுண்துளை ஈரத்தை உறிஞ்சுவதால் அப்படி ஒட்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். திருநெல்வேலி வந்து பிரித்தால் பாதி தூள். மிச்சத்தை ஒரு நிலவியல் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்த அடுக்கில் இருந்தது?” என்னிடம் பதில் இல்லை. எந்த மேடு என்றுகூட நினைவில்லை. அதற்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் மிச்ச உடல் இருந்திருக்கலாம். குஜராத்தில் கட்ச் பகுதியின் லோடாய் கிராமத்தில் ஆய்வாளர்கள் பொறுமையாகத் தோண்டி, கிட்டத்தட்ட முழு இக்தியோசாரையே எடுத்தார்கள். சுமார் ஐந்தரை மீட்டர் நீளம். 2017இல் அதைப் பற்றி எழுதினார்கள். நான் கிளப்பிக்கொண்டு வந்த அந்தப் பாதி வட்டை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் தம்பி, எலும்பு கையில் இருக்க வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். கண்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். தள்ளி நின்று மேடு முழுவதும் தெரிய இன்னொரு படம். போனில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டால் கண் பழகும்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் போகலாம், ஓடைகள் புதிதாக அறுபட்டிருக்கும். நானும் வருகிறேன். நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.