‘செட்’ என்னும் சொல்லுக்கு 430 பொருளா? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி கைத்தொலைபேசியில் பார்த்த துணுக்கொன்றைப் பற்றிக் கேட்டாள். ‘செட்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு 430 பொருள் உண்டென்று அதில் இருந்ததாம். “ஒரு சொல்லுக்கே இவ்வளவு எண்டா நாங்க எப்ப டீச்சர் இங்கிலீசப் படிச்சு முடிக்கிற? எங்களால ஏலா” என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது; எனக்குத்தான் பதில் வரவில்லை. அகராதியைப் புரட்டி முப்பது பொருள்களை எழுதிக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னேன். அடுத்த கிழமை ஒருவருக்கும் அவற்றில் பாதிகூட நினைவில் இல்லை.

அந்த எண்ணிக்கை உண்மையா? உண்மையென்றால் இந்தச் சொல்லை எப்படிக் கற்பிப்பது? தமிழைப் போல ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளாமல் ஆங்கிலம் ஏன் இப்படிச் செய்கிறது? இன்னுமொன்று: நம் பிள்ளைகள் “அவனுக்கும் எனக்கும் செட் ஆகல்ல” என்கிறார்களே, அது அந்த 430இல் எத்தனையாவது?

– ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எண்ணிக்கை உண்மையே. ஆனால் எதை எண்ணியதால் அது வந்தது என்பதை அந்தத் துணுக்கு சொல்லியிராது. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்களில் பதிவு எழுதி, அதை 430க்கு மேற்பட்ட கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். அது ஒரு வரலாற்று அகராதி. ஒரு சொல் பழங்காலம் தொட்டு எங்கெங்கு எவ்வாறு வழங்கியது என்பதை எழுத்துச் சான்றோடு பதிவதே அதன் வேலை. ஆகவே வழக்கொழிந்து போனவை, ஒரு தொழிலார் மட்டும் தமக்குள் வழங்கியவை, ‘அப்’, ‘ஒஃப்’, ‘அவுட்’ முதலிய ஒட்டுச்சொற்களோடு சேர்ந்து வருபவை எல்லாமே அங்கே தனித்தனி இலக்கம் பெற்று நிற்கின்றன. ‘செட்’டின் முதலிடமும் பின்னர் பறிபோயிற்று. 2011இல் ‘ரன்’ என்ற சொல்லின் பதிவைத் திருத்தி முடித்தபோது அதன் வினைப் பொருள்கள் 645 ஆயின. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவரும் அந்த 645ஐ அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார் என்பதை உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்.

அவளுடைய புலம்பலுக்குப் பெரிய துணையும் உண்டு. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பொருள் இறுக்கமில்லாத சில சிறு வினைகள் தம் உழைப்பை மிகவும் கூட்டிவிட்டன என்று அதன் முன்னுரையில் முறையிடுகிறார். அவர் அடுக்கும் பட்டியலில் ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘கோ’, ‘ரன்’, ‘மேக்’, ‘டேக்’ ஆகியவற்றோடு ‘செட்’டும் இருக்கிறது. வினைக்குப் பின்னே ஒட்டுச்சொல் சேர்ந்து பொருள் மாறுவது பிற நாட்டாருக்கு மிகுந்த இடர் தரும் என்பதையும் அவர் அங்கேயே எழுதிவிட்டார்.

இனி, கற்பிக்கும் விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் முப்பது பொருளைப் பட்டியலாகக் கொடுத்ததுதான் பிள்ளைகளைக் களைக்கச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘செட்’டுக்குள்ளே ஓர் அசைவு இருக்கிறது, முதலில் அதைக் காட்டவேண்டும். ‘சிட்’ என்றால் இருத்தல், நம் ஊர்ப் பேச்சில் குந்துதல். பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்பது இருத்தலையும் ‘செட்டன்’ என்பது இருக்கச் செய்தலையும் குறித்தன. தமிழ் இலக்கணப் பாடத்தில் உங்கள் மாணவர்கள் தன்வினை, பிறவினை படித்திருப்பார்கள். உருள், உருட்டு என்றும் திருந்து, திருத்து என்றும் சோடி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, இரு என்பதன் சோடி இருத்து என்பதும் தெரியும். ‘சிட்’டுக்கும் ‘செட்’டுக்கும் உள்ள உறவு அதுதான். ஆங்கிலத்தில் இத்தகைய சோடிகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன: ‘லை’ என்பது கிடத்தல், ‘லே’ என்பது கிடத்துதல். ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தைத் தொடக்கூடாதென்று ஒரு கருத்து நம்மிடையே இருக்கிறது. இந்த இடத்தில் அதைக் கேட்காதீர்கள்.

ஒன்றைக் கொண்டுபோய் அசையாமல் ஓரிடத்தில் இருத்துதல் என்ற இந்தக் கருத்து கைக்கு வந்துவிட்டால், ‘செட்’டின் பெரும்பகுதி தமிழ்ப் பிள்ளைக்கு முன்பே தெரிந்ததாகிவிடும். ஏனெனில் அந்த வேலையை நம்மிடம் ‘வை’ என்ற ஓரெழுத்துச் சொல் செய்கிறது. அடைக்கோழியைப் பாருங்கள். பழைய கடகமொன்றில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, பொழுதுபட்ட பின் கோழியைப் பிடித்து அதன்மேல் மெல்ல இருத்துவார்கள்; எழும்பி ஓடாமல் அது அடங்கிக் குந்தும்வரை முதுகில் ஒரு கை இருக்கும். இதை நாம் அடை வைத்தல் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வினை ‘செட்’. தீ வைத்தல், பொறி வைத்தல், காவல் வைத்தல், விலை வைத்தல், கலியாணத்துக்கு நாள் வைத்தல், ஒரு மண்ணில் கால் வைத்தல், ஒன்றின்மேல் மனம் வைத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் ‘வை’யை எடுத்துவிட்டு ‘செட்’டை இட்டால் அது ஆங்கிலத்திலும் செல்லும். தீயை யாரும் கையால் தூக்கி ஓரிடத்தில் வைப்பதில்லை, மனத்தையும் அப்படியே. ஆயினும் தீ வைத்தான் என்று கேட்ட மாத்திரத்தில் எந்தப் பிள்ளையும் ‘வை’க்கு எத்தனையாவது பொருள் என்று தேடுவதில்லை.

சோடி பொருந்தாத இடங்களையும் மறைக்காமல் காட்டவேண்டும். வினாத்தாள் தயாரிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘செட்’ வரும். நாம் பரீட்சை வைத்தல் என்பது பரீட்சையை நடத்துவதை. கேட்க ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும் இடம் இது. முறிவு நெரிவு வைத்தியர் விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் ஆங்கிலம் ‘செட்’ என்கிறது, அவரையே ‘போன்செட்டர்’ என்றும் அழைக்கிறது; நமக்கு அங்கே ‘வை’ உதவாது. ஆனால் இருத்துதல் என்ற மூலக் கருத்து உதவும், ஏனெனில் விலகியதை அதன் இருப்பிடத்தில் இருத்துவதுதான் அவருடைய தொழில்.

நீங்கள் கடிதத்தில் எழுதிய ‘படுவான்கரை’ என்ற சொல்லே இதற்கு அடுத்த பாடமாகும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் என்பதே அதன் பொருள். சூரியன் மறைவதற்கு ஆங்கிலத்தில் ‘செட்’தான் வினை, பழைய ஆங்கிலத்தில் இருக்கைக்குப் போதல் என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லும் அதற்கு இருந்தது. நாம் அதற்குப் ‘படு’ என்றோம். அந்தப் ‘படு’ ஒரு பொருளோடு நிற்கிறதா? பொழுது படும், வலையில் மீன் படும், உடம்பில் அடி படும், பிள்ளைமேல் கண் படும். கரைக்கு வந்த தோணியைச் சூழ்ந்து நின்று இன்றைக்கு மீன்பாடு எப்படி என்று கேட்பவர் எவருக்கும் அங்கே சூரியனின் நினைவு வராது.

‘செட்’ என்ற வினை, செய்பவர் ஒருவரும் இல்லாமல் தானாக நிகழ்வதையும் குறிக்கும். நம் பகுதியில் எருமைப் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறைமோர் சேர்த்து, மண்சட்டிகளில் வார்த்து அப்படியே விட்டுவிடுவார்கள். உறைந்து முடியும்வரை சட்டியை அசைக்கக்கூடாது. அசைத்தால் கட்டி உடைந்து நீர் பிரியும். பால் இவ்வாறு ஓட்டம் நின்று ஓரிடத்தில் இருந்துவிடுவதை ஆங்கிலம் ‘செட்’ என்கிறது. கலந்த சீமெந்துக்கும் அதே சொல்தான். அங்கே பொறியியலார் ஒரு நுட்பமும் பார்ப்பார்கள்: கலவை நெகிழ்வு போய் நிலைகொள்வதே ‘செட்’, அதன்பின் பல நாட்களுக்கு நீர் விட்டுப் பேண, அது வலிமை பெற்று வருவதற்கு வேறு சொல். மேசன்மார் இரண்டையும் இறுகுதல் என்று ஒன்றாகவே சொல்லிவிடுவதுண்டு. சிக்கனம் பிடிப்பது எப்போதும் ஆங்கிலமே என்று எண்ணவேண்டாம்.

ஒட்டுச்சொல் சேர்ந்தவை உண்மையிலேயே கடினமானவை. ‘செட் அசைட்’ என்பது ஒதுக்கி வைத்தல், ‘செட் அப்’ என்பது நிறுவுதல். இவற்றில் மூலக் கருத்து வெளியே தெரிகிறது. மாரி மழையோ நோயோ வந்து நிலைகொள்வதற்கு ‘செட் இன்’ என்பார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, இனி விடாது என்று தெரிந்த அந்த நாட்களை எண்ணிப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, வந்து குந்திக்கொண்டது என்ற கருத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் ‘செட் அவுட்’, ‘செட் ஒஃப்’ என்பவை புறப்படுதலைக் குறிக்கும்போது இருத்தல் எங்கே போயிற்று என்று கேட்டால், வரலாற்றைச் சொல்லி விளக்கலாம், எனினும் வகுப்பில் அதனால் பயனில்லை. ‘செட் ஒஃப்’ பட்டாசு வெடிக்கச் செய்வதற்கும் வரும். இவற்றை முழுச்சொல்லாகவே, ஒரு வாக்கியத்தோடு மனத்தில் பதியவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு போதும். இறந்தகாலத்தில் இந்த வினை உருமாறாது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள், நினைவூட்டினால் போதும்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘செட்’ இன்னொரு கதை. கோப்பைகளின் தொகுதி, நகைகளின் தொகுதி என்ற பொருளில் வருவது, பின்தொடர்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ஒலி ஒன்றானதால் வினையோடு கலந்துவிட்டது. ஆகவே இதை இருத்தலோடு பொருத்திக் காட்டப் பாடுபடவேண்டாம். நம் நாட்டுக் கணிதப் பாடநூல்கள் இதற்குத் ‘தொடை’ என்ற சொல்லை வழங்குகின்றன. தமிழ்நாட்டில் ‘கணம்’ என்பார்கள். தொடுக்கப்பட்டது எதுவோ அது தொடை என்பதால் இது பொருத்தமான ஆக்கம் என்பது என் கருத்து. கணித பாடத்தில் தொடை, அடுத்த பாடவேளையில் எதுகைத் தொடையும் மோனைத் தொடையும், விளையாட்டு நேரத்தில் தொடையில் அடி என்று ஒரே நாளில் மூன்றையும் உங்கள் மாணவி குழப்பமின்றிக் கடந்துவிடுகிறாள்.

தமிழில் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று நீங்கள் எழுதியதை இதற்குப் பின் நான் மறுக்கத் தேவையில்லை. எனினும் நம் இலக்கணிகள் இதை எவ்வளவு தெளிவாகக் கண்டார்கள் என்பதற்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். தொல்காப்பியர் உரியியலில் ‘கடி’ என்ற சொல்லை எடுத்து வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று எனப் பத்துப் பொருள் கூறுகிறார். நன்னூலார் 13 என்கிறார். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருளுக்கே உரியது. பட்டியல் தந்ததோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. இத்தகைய சொற்களை ‘முன்னும் பின்னும் வருபவை நாடி’ உணர்த்துக என்று வழியும் சொல்கிறார். கடிமலர் என்றால் புதுமை, கடிநகர் என்றால் காவல். அடுத்து நிற்கும் சொல்லே தீர்மானிக்கிறது. நம் ஊர் ‘மறுகா’வையும் பாருங்கள். “மறுகா வாறன்” என்றால் பிறகு. “மறுகாவும் கேட்டான்” என்றால் மீண்டும். இரண்டையும் மாற்றி விளங்கிக்கொள்பவர் எவரும் நம்மிடையே இல்லை.

வகுப்பில் செய்யவேண்டியதும் இதுவே. ‘செட்’டைத் தனியே கரும்பலகையில் எழுதாதீர்கள், ‘செட் எ ட்ராப்’ என்று அதன் அயற்சொல்லோடு எழுதுங்கள். எதிரே ‘பொறி வை’ என்று தமிழ்ச் சோடி வரட்டும். பிறகு ‘வை’ வரும் தொடர்களை மாணவர்களையே சொல்லவிட்டு, ஒவ்வொன்றிலும் ‘செட்’ பொருந்துமா என்று அகராதியில் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் வைத்தலுக்கும் உலை வைத்தலுக்கும் பொருந்தாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அவ்வாறு கண்டுபிடித்தது பரீட்சைவரை மறக்காது. இதற்கு ஒக்ஸ்போர்டின் பேரகராதி வேண்டாம். மாணவருக்கென்று எழுதப்பட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் சிறிய அகராதியொன்று போதும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். “செட் ஆகல்ல” என்பதை அந்த 430இல் தேடவேண்டாம். இருவர் ஒத்துப்போகவில்லை, ஓர் உடுப்பு எடுப்பாக இல்லை, ஒரு வேலை கைகூடவில்லை என்ற பொருள்களில் ‘செட் ஆகுதல்’ ஆங்கிலேயரிடம் இல்லை. நம் இளையோர் ஆங்கிலப் பெயரோடு தமிழின் ‘ஆகு’வைப் பூட்டிச் செய்துகொண்ட தமிழ் வினை அது. தமிழ்ப் பேச்சில் அவர்கள் அதை வழங்குவதில் எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. ஆங்கில விடைத்தாளில், நண்பனோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கு யாராவது ‘செட்’ என்று எழுதினால் மட்டும் சிவப்புப் பேனையை எடுங்கள்.