வண்டி (தொப்பை) வைத்தால் குடலில் புற்றுநோய் வருமா?

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலை. உயரம் 168 சென்றிமீற்றர், எடை 86 கிலோ, வண்டி நன்றாக வைத்துவிட்டது. நீரிழிவுக்கு மாத்திரை போடுகிறார். உடம்பில் கொழுப்புக் கூடினால் குடல் புற்றுநோய் வரும் என்று கேள்விப்பட்டேன். அவரோ, "நான் குடிக்கிறதும் இல்லை, சிகரட்டும் இல்லை, எனக்கு ஏன் வரப்போகுது?" என்கிறார். இடைக்கிடை மலத்தோடு இரத்தம் போகிறது, அது மூலம் என்று தானே சொல்லிக் களிம்பு பூசுகிறார். பயப்பட வேண்டுமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரத்தத்தைப் பற்றி முதலில் பேசுவோம். அது மூலமாகவே இருக்கக்கூடும். ஆனால் 50 வயது தாண்டிய ஒருவருக்குப் பார்க்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். களிம்பை வைத்துவிட்டு, இந்தக் கிழமையே குடும்ப வைத்தியரிடம் அவரைக் கூட்டிச் செல்லுங்கள். விரலால் பரிசோதிப்பார், இரத்தசோகை இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பார், தேவையானால் யாழ். போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் தருவார். கொலனோஸ்கோபி, அதாவது கமரா பூட்டிய மெல்லிய குழாயை மலவாசல் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை, என்றவுடன் ஆண்கள் வெட்கத்தில் பின்னடிப்பார்கள். குடலைச் சுத்தமாக்க முதல்நாள் குடிக்கிற மருந்துதான் அதில் உண்மையான கரைச்சல். மற்றப்படி மயக்க ஊசியோடு செய்யலாம்.

சரி, கொழுப்புக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் ஆய்வுகளை அலசி, உடற்பருமனோடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களைக் குறிப்பிட்டது. அதில் பெருங்குடலும் மலக்குடலும் உண்டு. அளவு எவ்வளவு? மிகப் பருமனானவர்களுக்கு ஆபத்து சாதாரண எடை உள்ளவர்களைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு. சிகரட்டால் நுரையீரலுக்கு வருகிற ஆபத்து 15 மடங்குக்கும் மேல் என்பதால், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். வண்டி வைத்த எல்லோருக்கும் புற்றுநோய் வராது. மெலிந்தவருக்கு வராது என்றும் இல்லை.

தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிகிற கொழுப்புத்தான் கூடுதல் தொல்லை. அது சும்மா கிடக்கிற சேமிப்பு அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது, அதனால் கணையம் இன்னும் கூட இன்சுலின் சுரக்கிறது. இன்சுலினுக்குச் சீனியைக் குறைப்பது மட்டும் வேலை அல்ல. கலங்களைப் பெருகச் சொல்வதும் அதன் வேலை. குடலின் உட்சுவரில் இருக்கிற சின்னப் பொலிப் (சதை வளர்ச்சி) ஒன்றுக்கு இப்படி வருடக்கணக்காகத் தூண்டல் கிடைத்தால், அது புற்றாக மாறும் வாய்ப்புக் கூடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்து வருடமளவு எடுக்கும். அதனால்தான் பொலிப்பை முன்கூட்டிக் கண்டு வெட்டி எடுப்பது இவ்வளவு பயன் தருகிறது. நீரிழிவும் இதே பாதையில் வருவதால் அவருக்கு இரண்டு காரணம். ஆண்களில் இந்தத் தொடர்பு பெண்களைவிடப் பலமாகத் தெரிகிறது.

குடியும் புகையும் இல்லாதது மிக நல்லது, அதற்காகப் பாராட்டுங்கள். ஆனால் அது குடலுக்கு முழுக் காப்பு அல்ல. தொப்புள் மட்டத்தில் ஒரு நாடாவால் அளந்து பாருங்கள்: நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. வண்டி வைத்தால் வசதி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை!

சாப்பாட்டில் பெரிய புரட்சி வேண்டாம். இரவுப் புட்டைப் பாதியாக்கி, மற்றப் பாதிக்கு முருங்கையிலை வறை, பயறு, கத்தரிக்காய் என்று போடுங்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சிவப்பரிசி, குரக்கன். பின்னேரத் தேநீரோடு ரோல்ஸ், வடை என்பதை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி எடையைக் கூட்டாவிட்டாலும் குடலுக்கு ஆகாது. நடையும் அப்படித்தான்: எடை குறையாவிட்டாலும் நடப்பவருக்குப் பெருங்குடல் ஆபத்துக் குறைகிறது. நீரிழிவு மாத்திரை எடுப்பதால், சாப்பாட்டைக் குறைக்குமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முயற்சி எதுவும் செய்யாமல் அவர் மெலிந்தால், மலம் போகிற பழக்கம் சில கிழமைகளாக மாறியிருந்தால், காரணமில்லாமல் களைத்தால், உடனே காட்டுங்கள். அப்புறம், அவருடைய பெற்றோர், சகோதரங்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் என்று மாமியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் கட்டாயம் கேட்பார்.