பிளாக்பிங்க் இறங்குகிறதா? விசுவமடுவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: அன்புள்ள அக்கா, நானும் இரண்டு சிநேகிதிகளும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்திருக்கிறோம். மூவருமே பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் பாட்டுக்குழுவின் ரசிகைகள். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 வரிசையில் அவர்களுடைய ‘ஐஸ் கிரீம்’ 13ஆம் இடத்துக்கு வந்தது. பிறகு ‘பிங்க் வெனம்’ 22, ‘ஷட் டவுன்’ 25, 2025இல் வந்த ‘ஜம்ப்’ 28. படிப்படியாக இறங்குகிறார்கள். அடுத்த பாட்டு வரும்போது இரவிரவாக ஓடவிட்டு எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்று ரீலோட்டுக்குக் காசு சேர்க்கிறோம். வி.பி.என் போட்டால் அமெரிக்காவிலிருந்து கேட்பதுபோலக் காட்டலாம் என்று தெரிந்த அண்ணா ஒருவர் சொல்கிறார். இணையத்தில் ஒரு ரசிகர் குழு மொத்தமாக அல்பம் வாங்கப்போவதாகச் சொல்லித் தலைக்கு 2,500 ரூபாய் கேட்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்? குழு உண்மையிலேயே முடிந்துவிட்டதா?
— பெயர் வேண்டாம், விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் காசை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

நீங்கள் எழுதிய நான்கு எண்களும் சரி. எண்ணத் தொடங்கிய இடம்தான் பிழை. ‘ஐஸ் கிரீம்’ பாட்டுக்கு முன்னால் போய்ப் பாருங்கள். 2018இல் ‘டூ-டு டூ-டு’ 55ஆம் இடம். 2019இல் ‘கில் திஸ் லவ்’ 41. 2020இல் ‘ஹவ் யூ லைக் தட்’ 33. பிறகு ‘ஐஸ் கிரீம்’ 13. அதே வருடம், சில வாரங்கள் கழித்து வந்த ‘லவ்சிக் கேர்ள்ஸ்’ 59. இந்த வரிசையில் படிக்கட்டு எங்கே இருக்கிறது? நடுவில் ஒரு பாட்டு மட்டும் தனியாகத் துள்ளி மேலே போயிருக்கிறது. அந்தத் துள்ளலை வழமையான உயரம் என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பின் வரும் எதுவும் சறுக்கலாகத்தான் தெரியும்.

அது ஏன் துள்ளியது என்பதும் மர்மம் இல்லை. ‘ஐஸ் கிரீம்’ பாட்டில் அமெரிக்கப் பாடகி செலினா கோமஸும் சேர்ந்து பாடியிருக்கிறார். பாட்டின் பெரும்பகுதி ஆங்கிலம். ஹாட் 100 மூன்று விடயங்களைக் கூட்டிப் போடும் கணக்கு: அமெரிக்காவுக்குள் இணையத்தில் எத்தனை முறை கேட்டார்கள், அமெரிக்க வானொலிகள் எவ்வளவு ஒலிபரப்பின, அங்கே எத்தனை விற்றது. கொரிய மொழிப் பாட்டுகளுக்குக் கால் இடறுவது இரண்டாவதில்தான். அமெரிக்க வானொலிகள் அவற்றை அதிகம் போடுவதில்லை. உள்ளூர் நட்சத்திரம் ஒருவர் ஆங்கிலத்தில் கூடப் பாடினால் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கும். பிளாக்பிங்கின் நால்வரில் ஒருவரான ரோஸே, குழு இல்லாமல், அமெரிக்கப் பாடகர் புரூனோ மார்ஸுடன் பாடிய ‘ஆபத்து’ அதே வரிசையில் 3ஆம் இடம்வரை போனதையும் இத்தோடு சேர்த்து யோசியுங்கள். (பாட்டின் பெயரைக் கொரிய உச்சரிப்பில் ‘அபட்டு’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஆபத்து’ என்பது எங்கள் வீட்டுச் சின்னவளின் உபயம். மாற்ற மனம் வரவில்லை.)

இனி நீங்கள் புரட்டாமல் விட்ட பக்கத்துக்கு வருவோம். உங்கள் பெறுபேற்றில் மாவட்ட நிலை ஒன்று இருக்கும், தீவு நிலை ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே பரீட்சைக்கு, ஒரே இசட் புள்ளிக்குக் கிடைப்பவை. ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது. ஹாட் 100 என்பது மாவட்ட நிலை மாதிரி. மிகப் பெரிய, பணக்கார மாவட்டம்தான். இருந்தாலும் ஒரு மாவட்டம். 2020 செப்டெம்பரில் பில்போர்ட் நிறுவனமே குளோபல் 200 என்ற இன்னொரு வரிசையைத் தொடங்கியது. அது 200க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேட்பதையும் வாங்குவதையும் கூட்டுகிறது. வானொலி அதில் இல்லை. அந்த வரிசையில் ‘பிங்க் வெனம்’ 1ஆம் இடம். ‘ஷட் டவுன்’ 1ஆம் இடம். நீங்கள் கவலைப்படும் ‘ஜம்ப்’ பாட்டும் 1ஆம் இடம்தான்.

இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையில் விசுவமடு எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் ரீலோட் காசுக்கான பதில். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபை சேவை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. இங்கே இருந்து நீங்கள் கேட்பது குளோபல் 200 கணக்குக்குப் போகும். ஹாட் 100 கணக்குக்கு, மூன்று பேரும் விடியும்வரை ஓடவிட்டாலும், அரைப் புள்ளிகூடப் போகாது. நீங்கள் ஏற்ற நினைக்கும் வரிசை உங்களை எண்ணுவதே இல்லை. உங்களை எண்ணும் வரிசையில் உங்கள் குழு ஏற்கெனவே உச்சியைத் தொட்டுவிட்டது.

“அதற்குத்தானே வி.பி.என்?” என்று அந்த அண்ணா கேட்பார். அவருக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 2003ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கொழும்பில் ஒரு தமிழ் வானொலியில் வாரத்தின் பத்துப் பாடல்களைத் தொகுப்பது என் வேலை. நேயர்களின் அஞ்சலட்டைகளை எண்ணித்தான் வரிசை போடுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை மல்லாவியிலிருந்து றப்பர் வளையம் போட்ட கட்டு ஒன்று வந்தது. 43 அட்டைகள். எல்லாவற்றிலும் பச்சை மை, வலப்பக்கம் சரிந்த ஒரே கையெழுத்து. பெயர்கள் மட்டும் வேறு வேறு. முப்பதாவது அட்டையோடு எழுதியவருக்குப் பெயர்கள் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் முதல் எழுத்துகளை மாற்றிப்போட்ட பழைய பெயர்கள். கடைசி அட்டையில் பெயர் இல்லை, ‘மேற்படியாரின் தம்பி’ என்று மட்டும் இருந்தது. 43ஐயும் ஒரு வாக்காக எடுத்துக்கொண்டோம். அந்த மனிதரை நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது, பச்சை மையை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறது. ஒரே கணக்கிலிருந்து ஒரே பாட்டு இடைவிடாமல் ஓடுவது, கணக்கு ஒரு நாட்டிலும் கேட்பது இன்னொரு நாட்டிலுமாக இருப்பது எல்லாம் அதன் கண்ணில் படும். செயற்கையாக ஏற்றப்பட்டது என்று தெரிந்தால் அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். ஸ்பொட்டிஃபை 2024 முதல், அப்படி அப்பட்டமாக ஏற்றப்பட்ட பாட்டுகளுக்கு அவற்றை வெளியிட்ட தரப்பிடமே தண்டம் அறவிடுகிறது. உதவி செய்யப் போய் உங்கள் குழுவுக்கே செலவு வைத்ததாகிவிடும்.

அல்பம் வாங்கும் 2,500 ரூபாய்க்கு இவ்வளவு நீளமான பதில் தேவையில்லை. அல்பம் விற்பனை பில்போர்ட் 200 என்ற தனி வரிசைக்குப் போவது; ஹாட் 100 பாட்டு வரிசையை அது அசைக்காது. அந்த அல்பம் வரிசையில் ‘போர்ன் பிங்க்’ 2022இலேயே 1ஆம் இடம் பிடித்துவிட்டது. கொரியப் பெண்கள் குழு ஒன்றுக்கு அதுதான் முதல் தடவை. எந்தக் கடையில் வாங்கப்போகிறார்கள், அந்தக் கடை தன் விற்பனையை எந்த நாட்டுத் தரவரிசைக்கு அறிவிக்கிறது, பற்றுச்சீட்டு யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராது என்பது என் ஊகம். முகம் தெரியாதவருக்குக் காசு போடுவதற்குப் பதில் மூவரும் சேர்ந்து ஒரே ஓர் அல்பம் வாங்கி, மாதம் ஒருவர் வீட்டில் வைத்திருங்கள்.

ஒரு பாட்டின் இடத்தை அந்தப் பாட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் ஒரு வாரம் டெய்லர் ஸ்விஃப்ட் ஹாட் 100இன் முதல் 14 இடங்களையும் தன் பாட்டுகளாலேயே நிரப்பினார். முந்தின வாரம் 10ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டை அந்த வாரமும் அதே அளவு பேர் கேட்டிருக்கலாம்; ஆனாலும் 15க்கு மேலே அதற்கு இடம் இருந்திருக்காது. டிசம்பரில் கிறிஸ்மஸ் பாட்டுகள் பழைய பெட்டியிலிருந்து இறங்கி வந்து பாதி வரிசையை அடைத்துக்கொள்ளும். மரியா கேரியின் 1994ஆம் ஆண்டுப் பாட்டு 2019 முதல் ஒவ்வொரு நத்தாருக்கும் முதலிடத்துக்கு வருகிறது. கடினமான வருடத்தில் பரீட்சை எழுதிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, குழு முடிந்துவிட்டதா? பெண்கள் குழுக்கள் எப்படி முடிகின்றன என்று பார்க்க அறுபது வருடம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சுப்ரீம்ஸ் என்று மூன்று பெண்கள். 1964 ஓகஸ்டிலிருந்து 1965 ஜூன்வரை அவர்களுடைய ஐந்து பாட்டுகள் அடுத்தடுத்து ஹாட் 100இல் முதலிடம். ஆறாவது பாட்டு 11இல் நின்றது. உங்களுக்கு 28 வலிப்பதுபோல அவர்களுக்கு 11 வலித்தது. நிறுவனத் தலைவர் பெரி கோர்டி, சுப்ரீம்ஸுக்கு இனி முதலிடம் பிடிக்கக்கூடிய பாட்டு மட்டும்தான் வெளியிட வேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவு போட்டார். அடுத்த பாட்டு அந்த வருடம் நவம்பரிலேயே முதலிடத்துக்குப் போனது. மொத்தம் 12 முதலிடங்கள்.

அந்த 12இல் 10 பாட்டுகளை எழுதியவர்கள் ஹொலண்ட் சகோதரர்களும் டோசியரும். பணத்தகராறில் அந்த மூவரும் நிறுவனத்தை விட்டு விலகினார்கள். அதற்குப் பிறகு குழுவுக்குக் கிடைத்தவை இரண்டே முதலிடங்கள். 1970 ஜனவரியில் குழுவின் முன்னணிப் பாடகி டயானா ரோஸும் பிரிந்து போனார். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: 11ஆம் இடத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்திருக்க வேண்டியது பாட்டு எழுதுகிறவர்களின் அறையை.

அந்தக் கண்ணோடு பிளாக்பிங்கைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து அவர்களுக்குப் பாட்டுக் கட்டி வந்த டெடியின் பெயர் ‘ஜம்ப்’ பாட்டிலும் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் தலைமை நிகழ்ச்சி நடத்தினார்கள். கே-பாப் பெண்கள் குழு ஒன்று அங்கே அப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. முடிந்துபோன குழுவுக்கு அவ்வளவு பெரிய அரங்கை யாரும் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு உள்ள கவலை வேறு. கலைஞர்கள் நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்துக்குக் கொரியாவில் 2009இல் வந்த மாதிரிப் பத்திரம் ஏழு வருடம் என்று எல்லை போட்டது. 2016இல் அறிமுகமான பிளாக்பிங்குக்கு அந்த ஏழு வருடம் 2023இல் முடிந்தது. குழுவாகச் சேர்ந்து இயங்க மறுபடி கையெழுத்திட்டார்கள். தனிப் பாட்டுகளுக்கு நால்வரும் நாலு இடம் போனார்கள். அதனால் குழுப் பாட்டு என்பது அபூர்வமாகிவிட்டது. நால்வரின் ரசிகர்களும் நாலு திசைக்குக் காசையும் நேரத்தையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அடுத்த குழுப் பாட்டு 35ஆம் இடத்தில் நின்றாலும் எனக்குப் பொருட்டில்லை. அதற்கு அடுத்தது வர மூன்று வருடம் ஆனால்தான் யோசிப்பேன். இன்னொன்று: ‘ஜம்ப்’ பாட்டைவிட, பழைய இத்தாலிய வயலின் மேதை பகனினியின் இசையை எடுத்துப் பின்னிய ‘ஷட் டவுன்’ நல்ல பாட்டு என்பது என் கட்சி. 25க்கும் 28க்கும் உள்ள மூன்று இடத்தை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன், அது நியாயமில்லை என்று தெரிந்தும்.

ஹாட் 100இன் முதலிடத்தைப் பற்றியே ஏக்கமாக இருந்தால் இதையும் கேளுங்கள். 2001இல் டெஸ்டினிஸ் சைல்ட் முதலிடம் பிடித்த பிறகு 24 வருடங்களாக எந்தப் பெண்கள் குழுவும் அங்கே போகவில்லை. 2025 ஓகஸ்டில் ‘கோல்டன்’ போனது. அதுவும் ஓர் அனிமேஷன் படத்துக்காக வரையப்பட்ட கற்பனைக் குழுவின் பாட்டு.

உங்களால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வீடியோவாக ஓடவிடாதீர்கள், டேட்டாவைக் குடித்துவிடும். ஸ்பொட்டிஃபையில் சாதாரணத் தரம் 96 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 43 மெகாபைட்தான் போகும். 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு, ஆகவே தொட்டுத் தொட்டு மாற்றுவதில் பயன் இல்லை. மூவரில் ஒருவரிடம் கட்டணக் கணக்கு இருந்தால் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத வயல்கரையிலும் கேட்கலாம். பிறகு தொலைபேசி இணையத்தைத் தொடும்போது அந்தக் கேட்புகள் கணக்கில் சேரும். முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது தொட வேண்டும்.

இரவு விழிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரவரிசை வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழன் முடிகிறது. ‘ஜம்ப்’ வெளியானபோது கொரியாவில் வெள்ளி பகல் 1 மணி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு 12, இலங்கையில் காலை 9.30. அடுத்த பாட்டும் அதே நேரத்தில் வந்தால், வியாழன் இரவு முழுக்க விழித்திருந்த நீங்கள் மூவரும் அப்போது நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள்.