விகிதக் கணக்கு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: வயது விகிதம் 3:5 என்றால் உடனே 3எக்ஸ், 5எக்ஸ் என்று எழுதச் சொல்கிறார்கள். நேரடியாக 3, 5 என்றே வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: 3, 5 என்பது வயது இல்லை, பங்கு. 6-ம் 10-ம் அதே விகிதம்தான், 30-ம் 50-ம் அதேதான். ஒரு பங்குக்கு எத்தனை வயது என்பது தெரியவில்லை, அதற்குத்தான் அந்த எழுத்து. நான் எக்ஸ் போடுவதில்லை, ‘ப’ போடுவேன். பங்கு என்பது மறக்காது.

கேள்வி: கூட்டுத்தொகை கொடுத்தால் போட்டுவிடுவேன். இரண்டு எண்கள் 7:4, வித்தியாசம் 27 என்கிறார்களே?

பதில்: கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். 7ப − 4ப = 27, ப = 9. எண்கள் 63, 36. பலர் 9 வந்ததும் அதையே விடையாக எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்!

கேள்வி: இருவரின் வயது இப்போது 3:5, ஆறு வருடம் கழித்து 2:3. நான் 3ப + 6 = 2ப என்று எழுதினேன். ப = −6 வருகிறது.

பதில்: வயது மைனஸில் போய்விட்டதா, சரி. இப்போதைய பங்கும் ஆறு வருடம் கழித்து வரும் பங்கும் ஒரே அளவு இல்லை. அதனால் இரண்டுக்கும் ஒரே ‘ப’ போடக்கூடாது. பிந்தைய விகிதத்தைப் பின்னமாக வையுங்கள்:

(3ப + 6) / (5ப + 6) = 2/3

குறுக்கே பெருக்கினால் 9ப + 18 = 10ப + 12. (3-ஐ உள்ளே இருக்கும் 6-உடனும் பெருக்க வேண்டும். பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான்.) ப = 6. வயது 18, 30. ஆறைக் கூட்டிப் பாருங்கள்: 24, 36. 2:3 சரியாக வருகிறது.

எனக்குப் பிடித்த வழி வேறு. வயது வித்தியாசம் என்றைக்கும் மாறாது. 3:5-இல் வித்தியாசம் 2 பங்கு. 2:3-ஐ 4:6 என்று எழுதினால் அங்கும் 2 பங்கு. இப்போது இரண்டிலும் பங்கு ஒரே அளவு. 3 பங்கு 4 ஆனது, கூடிய ஒரு பங்குதான் அந்த ஆறு வருடம். பேனாவே வேண்டாம்.

கேள்வி: அ:ஆ = 2:3, ஆ:இ = 4:5. மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: ஆ ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 4. இரண்டையும் 12 ஆக்குங்கள். 8:12:15.

கேள்வி: மாணவர், மாணவியர் 3:4, 30 பேர் என்று இருக்கிறது. 7ப = 30 போட்டால் ப முழு எண்ணாக வரவில்லை.

பதில்: ஆளைப் பின்னமாக்க முடியாது. கணக்கை மறுபடி படியுங்கள், 30 என்பது மொத்தமா?

கேள்வி: அடடா, மாணவர்கள் மட்டும் 30.

பதில்: அப்போ 3ப = 30. மாணவியர் 40.