ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வாழும்போது எதை இயல்பு என்பது?

பெரும்பாலானோர் செய்வதுதான் இயல்பு என்றால், இரவில் வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர், தனியாக வாழ்கிறவர் எல்லோரும் அதற்கு வெளியே போய்விடுவார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. சராசரி மனிதர் என்று ஒருவர் கிடைப்பதே கடினம். அமெரிக்க விமானப்படை 1950இல் விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தபோது, கில்பர்ட் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர் 4,063 பேரின் 10 முக்கிய அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. உடம்புக்கே இப்படி என்றால் வாழ்க்கைக்கு? அப்புறம், இந்த எல்லையும் மாறிக்கொண்டே இருக்கிறது, தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல்தான் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒருவர் வாழும் விதம் விசித்திரமாகத் தெரிந்தால், அதனால் அவருக்கோ மற்றவருக்கோ துன்பம் வருகிறதா, அன்றாட வாழ்க்கை முடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரை அப்படியே விட்டுவிடுங்கள்.